ஐந்நூறு மீட்டர் பிழை

அதுவரை எங்களிடம் பட்டியல் மட்டும்தான்.
நாடு, ஊர், பெயர், எத்தனை மெத்தை,
நாய் உண்டா, புகைக்கலாமா, எத்தனை இரவு.
ஊர்ப் பெயரில் ஓரெழுத்துப் பிசகினால்
உலகில் ஒருவரும் இடம் தரமாட்டார் என்று வரும்.

வரைபடம் போடலாம் என்றேன்.
பகலில் தார்த்து நகரத்துப் பல் ஆய்வகத்தில்
பொய்ப்பற்களுக்கு அச்சு வார்ப்பவள் நான்.
இரவில், சம்பளமில்லாமல்,
அந்நியர் வீட்டில் அந்நியரைத் தூங்கவைப்பவள்.

பதினோராயிரம் முகவரிகள்.
முதல்முறை திரையில் விழுந்தபோது
பாதிப்பேர் கினியா வளைகுடாவில் கிடந்தார்கள்,
சுழியமும் சுழியமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்,
ஆளுக்கொரு சோபாவோடு.
கரையேற்ற ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு கெண்ட் நகரிலிருந்து யெல்லே எழுதினான்:
புள்ளி கதவைக் காட்டக் கூடாது.
என் அக்கா தனியாக இருக்கிறாள்.
அதற்கு மேல் அவன் எழுதவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஐந்நூறு மீட்டர் தள்ளி வைப்போம்,
எந்தத் திசையில் என்பதைப் பகடை சொல்லட்டும்.
ஒரே ராத்திரியில்
அத்தனை வீடுகளையும் நகர்த்தினேன்.
எங்கும் சுவர் விரியவில்லை,
அடுப்பில் இருந்தது தளும்பவில்லை.

புகார்கள் வந்தன.
சராயேவோவில் ஒரு தம்பதி கல்லறைத் தோட்டத்துக்குள்.
வால்பராய்சோவில் ஒருவர் பழைய சிறையின் முற்றத்தில்;
அங்கே நான் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்
என்று கேட்டிருந்தார்.
கோல்க்யாவிலிருந்து ஜினோவி:
பெய்ப்சி ஏரிக்குள் என்னைப் போட்டிருக்கிறாய்.
என்னிடம் வெங்காயப் பாத்தி இருக்கிறது,
படகு இல்லை.

பாதுகாப்புக்காக, என்று பதில் போட்டேன்.
யாரிடமிருந்து யாருக்கு, என்று திரும்பக் கேட்டார்.
அதற்கு என்னிடம் நிரல் இல்லை.

பிப்ரவரி.
ஏரி இறுகி, லாரி போகும் அளவுக்குத் தடித்துவிட்டது.
வரைபடத்தில் அது நீலமாகவே இருந்தது.
திபிலிசியிலிருந்து எலிசோ என்றொரு பெண்
கடைசிப் பேருந்தில் இறங்கினாள், இருட்டியபின்.
வீட்டு முகவரி வந்த மின்னஞ்சல் திறக்கவில்லை.
கைபேசியில் சேமித்திருந்த வரைபடம் மட்டும் திறந்தது.
புள்ளியைச் சுற்றி, தோராயம் என்று சொல்ல,
ஒரு வட்டம் வரைந்திருந்தேன்.
சின்னத் திரைகளில் அது வரவில்லை.
என் தவறு.

அவள் புள்ளியை நம்பி நடந்தாள்.
தெரு முடிந்தது, நாணல் முடிந்தது,
பிறகு காலடியில் சத்தம் மாறியது.

மறுநாள் அவள் எழுதியது இவ்வளவுதான்:
வரைபடம் மிகச் சரி. வாசலிலேயே காத்திருந்தார்.
வீடு மட்டும் அங்கே இல்லை.

பின்னர் ஜினோவியிடம் விசாரித்தேன்.
இதற்கு முன் இரண்டு பேர் கரையில் நின்று
தண்ணீரைப் பார்த்துத் திரும்பிப் போனார்களாம்.
அதிலிருந்து, ஆள் வரும் நாளில்,
திசைகாட்டி வைத்து அடியளந்து போய்,
சரியாக அந்தப் புள்ளியில் துளையிட்டு,
முக்காலி, விளக்கு, தூண்டில் சகிதம்
உட்கார்ந்துவிடுகிறார்.
அன்றைக்கு மூன்று மீன்.
துளைப்பானை அவள் தோளில் வைத்துக்கொள்ள
ஐந்நூறு மீட்டரும் பேசிக்கொண்டே வந்தார்களாம்,
அவளுக்குக் கொஞ்சம் ரஷ்யன்,
அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

வட்டத்தைச் சரிசெய்துவிட்டேன்.
இனி நான் எங்கே உட்காருவது, என்று அவர் கோபித்தார்.
இப்போது அவர் பக்கத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது:
பனி உடையும்வரை ஏரியில் வரவேற்பு,
அப்புறம் வீட்டில்.

நேற்று கெண்டில் புதிதாக ஒரு வட்டம்.
நடுவில் கால்வாய் ஓடுகிறது.
படம் இல்லை, பெயருக்கு ஓரெழுத்து.
ஒரு மெத்தை. பெண்களுக்கு மட்டும்.
ஓர் இரவு.

யெல்லேயிடம் நான் கேட்கவில்லை.