ஐந்தாம் பேரேடு, பக்கம் 212

பெல்லந்தூரில் இரவு பதினொன்றரை.
கனெக்டிகட்டில் இப்போதுதான்
மதியச் சாப்பாடு முடிந்திருக்கும்.
ஏழாம் மாடியின் ஏசிக் குளிரில்
துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
ஒரு தரகுக் கம்பெனியின் பழைய பேரேடுகளை
வரிவரியாகக் கணினியில் ஏற்றுகிறேன்.
பழுப்பேறிய மசி. சாய்ந்த எழுத்து.
அவசரக்காரன் கை.

முதல் பேரேட்டில் கப்பல்கள்.
திமிங்கில எண்ணெய், சர்க்கரைப்பாகு, ரம்.
காப்பிக்கடை மேசையில் ஆள் பிடித்து
ஆளுக்கொரு பங்காகக்
கடலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவதில் தீ.
ஒரு டிசம்பர் இரவு நியூயார்க் எரிந்தது.
குழாயில் தண்ணீர் உறைந்து கிடந்தது.
நஷ்டத்தைக் கொடுக்க வேண்டிய கம்பெனிகளும்
எரிந்த தெருவில்தான் இருந்தன.
ஆபத்தை ஊர்விட்டு ஊர் பிரித்து வைக்க
அதற்குப் பிறகுதான் கற்றார்கள்.

தரகர் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்.
மூழ்கினாலும் மூழ்காவிட்டாலும்
நூற்றுக்குப் பத்து.

ஐந்தாம் பேரேடு, பக்கம் 212.
ஐசக். வயது இருபத்திரண்டு.
நிலக்கரிச் சுரங்கம், வர்ஜீனியா.
அறுநூறு டாலர், ஓராண்டுக்கு.
பிரீமியம் பன்னிரண்டு.
தரகு ஒரு டாலர் இருபது சென்ட்.
பணம் சேர வேண்டியது: உரிமையாளருக்கு.

திரை சிவப்பாகக் கேட்கிறது:
குடும்பப் பெயர் கட்டாயம்.

கோலார் தங்கவயலில்
என் அப்பாவுக்கும் ஒரு பித்தளை வில்லை இருந்தது.
4311.
பாறை வெடித்த மறுநாள்
அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் அம்மாவை.
கடவுள் செயல் என்று
யாரோ டைப் அடித்துக் கொடுத்தார்கள்.
இந்தப் பேரேடுகளிலும் பார்க்கிறேன்,
கடவுள் வருவது ஒரே இடத்தில்:
எவற்றுக்குப் பணம் கிடையாது
என்னும் பட்டியலில்.

"ஏதாவது போடு அமலி, க்யூ நிக்குது"
என்கிறாள் டீம் லீடர் ஹேமலதா.
கோபமில்லை அவளுக்கு, தூக்கம்.

என் இனிஷியலைக் கொடுக்கலாமா என்று
ஒரு கணம் விரல் போனது.
அப்பாவின் எழுத்து. அது எப்படி அவனுக்கு ஆகும்?

கடைசியில் ஒரு புள்ளி வைத்தேன்.
தமிழில் எழுத்தின் தலைமேல் வைப்போமே,
வைத்ததும் உயிர் போய்
மெய் மட்டும் நிற்குமே, அந்தப் புள்ளி.

கணினி ஏற்றுக்கொண்டது.

அடுத்த வரி: பஞ்சு மூட்டை, நாற்பது.
அனுப்பியவர், பெறுபவர், எடை,
கப்பலின் பெயர், கேப்டனின் முழுப்பெயர்.
எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.