பின்வாசல் கணக்கு

டுலூத்தில் பதினோரு கடைகளுக்கு
ரொட்டி இறக்குகிறேன்.
விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்.
ஏரிக்காற்று
காதை அறுத்துக் கையில் கொடுக்கும்.
முன்பக்கம் நான் போவதில்லை.
அங்கே ஆப்பிளுக்கு மெழுகு பூசி
விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.
ஒரு கடையை அறியப்
பின்வாசல் போதும்.

ஒன்பதாவது கடையில்
கையெழுத்து வாங்க
மாதம் ஒரு புது முகத்தைத் தேட வேண்டும்.
"நான் டேரல் இல்லை.
டேரல் போய்விட்டான், வில்லை மட்டும் மிச்சம்"
என்றாள் சட்டையைத் தொட்டுக் காட்டி ஒருத்தி.
அடுத்த மாதம்
அதே டேரலை
வேறொரு பையன் குத்தியிருந்தான்.
சுவரில் சட்டம் போட்ட வாசகம்:
நாம் எல்லோரும் ஒரே குடும்பம்.
"எங்கள் வீட்டில் கழிப்பறைக்குப் போகக்
கை தூக்கிக் கேட்பதில்லை"
என்று கண்ணாடிமேல் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்.
மறுநாள் கண்ணாடி
பளபளவென்று இருந்தது.

நான்காவது, ஸ்டென்ஸ்ரூட் மளிகை.
பதினான்கு வருஷமாக
எனக்குக் கதவு திறப்பவள் மார்விஸ்.
அவள் இடது முழங்காலின் குணம் எனக்குத் தெரியும்.
மீன் வெட்டும் டூகெர் வாங்
ஹ்மாங் மொழியில் சத்தமாகப் பாடுவான்,
ஒரு வரி விடாமல் தப்பாக
என்பாள் அவன் மனைவி, அடுத்த மேசையிலிருந்து.

"சொக்குப்பொடி ஏதும் தூவியிருக்கிறார்களா உங்கள்மேல்?"
கேட்டேவிட்டேன் ஒருநாள்.

ரொட்டித் தட்டுகளை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
"மணிக்கு இரண்டே கால் டாலர் கூடுதல்.
முதலில் அதை எழுதிக்கொள்.
எங்கள் சிரிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள்
அதைக் கடைசியில் சொல்வார்கள்,
இல்லை, சொல்லவே மாட்டார்கள்.
பதினெட்டு, பத்தொன்பது…
அப்புறம் நாற்காலி."

நாற்காலியா?

"கல்லாவில். போய்ப் பார்."

அன்றுதான் முன்பக்கம் போனேன்.
ஐந்து கல்லா, ஐந்து நாற்காலி,
ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை.
ஒன்று முடிதிருத்தும் கடையிலிருந்து வந்ததுபோல் சுழன்றது.
ஒன்றின் முதுகில் யாரோ பின்னிய கம்பளி உறை.
உட்கார்ந்து பில் போட்டால்
வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்பது
ஒன்பதாவது கடையின் விதி.
இங்கே குறைந்துபோன மரியாதை எதையும்
தரை பெருக்குகிறவர்
இதுவரை கண்டெடுத்ததாகத் தகவல் இல்லை.

கடிகாரத்தின் கீழே
மூன்று வாரத்து வேலை அட்டவணை.
ஒரு சனிக்கிழமைக்கு நேராக, பென்சிலில்:
டூகெர் இல்லை. மகளுக்கு ஹாக்கி.

பிறகு அந்த ஜனவரி இரவு.
கொதிகலன் நின்றுவிட்டது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
நான் போய்ச் சேர்ந்தபோது
ஒன்பது பேர் உள்ளே.
கீரைக்கட்டுகளைத் தங்கள் வீட்டுப் போர்வைகளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஈக்வடாரிலிருந்து வந்த வாழைத்தார்கள்
மார்விஸின் குளிர்கோட்டுக்குள்
பிள்ளைபோல் தூங்கின.
யாரும் கூப்பிடவில்லையாம்.
ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல
வந்துவிட்டார்களாம்.

எனக்குத் தொண்டை அடைத்தது.
இதைப் போய் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்,
பாசம் என்றால் இது என்று
மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தபோது
கடைக்காரரின் மகள் சிக்னே
டார்ச் வெளிச்சத்தில் நோட்டு விரித்து
ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்:
எத்தனை மணிக்கு வந்தீர்கள்?
இரண்டு பத்தா? இரண்டு என்றே போடுகிறேன்.
இரட்டைச் சம்பளம்.

பாசத்துக்கும் கூலிக்கும் நடுவே
எங்கே கோடு கிழிப்பது என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.
கிழிக்காமல் விட்டதுதான்
அந்தக் கடையோ என்னவோ.

மார்ச்சில் மார்விஸ் ஓய்வு பெறுகிறாள்.
அவள் இடத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள்
ஒரு தாளில், பின்வாசல் கதவிலேயே.
ஒன்பதாவது கடையின் மூன்று டேரல்களும்
அதில் இருக்கிறார்கள்,
அவரவர் சொந்தப் பெயரில்.
பதினேழாவது நான்.
எனக்கும் இப்போதெல்லாம்
இடது முழங்கால்.