கிடாரத்தின் காதுகள்

களனி கரை தாண்டிய இரவு
முகத்துவாரத்துக் கோயில் மண்டபத்தில்
உலை வைத்தோம்.

ஏழரைக்குச் சிங்கள ஆராதனை,
ஒன்பதரைக்குத் தமிழ்.
ஒரே பீடம், ஒரே கிண்ணம்.
வாசலில் குடை மாறிப்போனால்தான்
எங்களுக்குள் பேச்சு.

இன்றைக்கு நிலூகாவிடம் அவள் மொழியில்
உப்புக் கேட்டேன்: "லூனு."
வெங்காயத்தை நீட்டினாள்.
ஒரு மாத்திரை கூடிவிட்டதாம்.
சிரித்ததில் அவளுக்குக் கண்ணீர்,
வெங்காயமோ என்னவோ.

தெயோப்பிலஸோடு நான் கதைத்து
இரண்டு வருஷம்.
மின்விசிறி வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்று
காணாமல் போனது.
அன்றிலிருந்து, சமாதானம் சொல்லிக்
கைகொடுக்கும் நேரத்தில்
குனிந்து பாட்டுப் புத்தகம் தேடுவேன்.

கிடாரத்துக்கு இரண்டு காது.
ஒன்றைப் பிடித்து நிமிர்ந்தேன்;
மற்றதில் அவன் கை.
"மெல்ல," என்றான்.
மெல்லத்தான் இறக்கினோம்.

"பார்சலில் எங்கட சபையின் பெயர் எழுதட்டா அங்கிள்?"
பெடியன் பேனாவோடு நின்றான்.
"மழையில் அழியும் மகன்.
எதில் பருப்புக் குறைவு என்று பார்."

வெல்லம்பிட்டியில் தெரு ஆறாய்க் கிடந்தது.
மேல்மாடி ஜன்னலில் முக்காட்டோடு ஒருத்தி
கயிற்றில் வாளி இறக்கினாள்.
"நீங்க எந்த இடத்து ஆக்கள்?"
நான் வாய் திறக்குமுன்
"பல்லிய," என்றாள் நிலூகா.
"பள்ளியா? எந்தப் பள்ளி?"
ஒருவரும் திருத்தவில்லை.
வாளி நிறைந்து மேலே போனது.

படகில் திரும்பும்போது
மின்விசிறி பற்றி அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
என் இடது உள்ளங்கையில்
கிடாரத்தின் சூடு கொப்புளித்திருந்தது.
தெயோப்பிலஸ் தன் வலக்கையை
விரித்துக் காட்டினான்.