மெழுகுவர்த்திச் சாடி

பின்னேரம் நாலு ஐம்பதுக்கு வந்தது குப்பி.
தெளிந்திருக்க வேண்டிய முதுகுத்தண்டு நீர்
அரிசி களைந்த முதல் தண்ணிபோல் இருந்தது.
ஜவாத் நானா அதை உள்ளங்கைக்குள்
பொத்திக்கொண்டு வந்திருந்தார்:
"குளிர்பெட்டிக்குள்ள வைக்கக்கூடா எண்டு
நீங்கதானே மிஸ் சொன்னீங்க."

ஒன்பதாம் வோட், கட்டில் பதினாலு.
மயில்வாகனம் சந்திரமதி, நாற்பத்தொன்று, நிலாவெளி.
காய்ச்சல். வாந்தி. கழுத்து மடங்கவில்லை.
டொக்டரின் கோணல் எழுத்தில் கடைசி வரி:
இடது காது எட்டு மாதமாக வடிகிறது.

சாயம் தோய்த்து, கழுவி, எண்ணெய்த் துளி விட்டுக் குனிந்தேன்.
ஊதாவில் இரண்டிரண்டாக,
அடி ஒட்டி நுனி விலகிய நெல்மணிகள்.
வோட்டுக்குச் சொன்னேன்.
செவ்ட்ரயக்ஸோன் ஏற்கெனவே ஏறுகிறது என்றார்கள்.

இந்தக் கிருமிக்கு எங்கள் காற்று பிடிக்காது.
இரத்த அகாரில் கோடிழுத்துச் சாடிக்குள் அடுக்கி,
மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி நடுவில் நிறுத்தி,
வசலின் பூசிய மூடியை இறுக்கினால்
சுடர் கொஞ்ச நேரம் நிற்கும்,
பிறகு குனியும்,
பிறகு இல்லை.
அது விட்டுப்போன மூச்சில்தான்
இவை வளரும்.

காலையில் மதிலோரம் ஒரு புள்ளிமான்
சேலைன் பெட்டியின் மட்டையைச் சப்பிக்கொண்டு நின்றது.
அகாரில் பச்சை படர்ந்திருந்தது,
ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் ஒரு குழி.

மறுநாள் அடிமட்டத்தை எடுத்தேன்.
மருந்து வில்லையைச் சுற்றி
வெறும் வட்டம் ஒன்று இருந்தால் நல்லது.
முதல் வில்லையின் விளிம்புவரை வந்து
முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தன.
பெனிசிலின் போயிற்று.
செவ்ட்ரயக்ஸோன் பட்டி, பெட்டியில் கடைசி ஒன்று,
கண்ணீர்த்துளி வடிவில் வெளித்து
ஒன்று என்ற கோட்டில் முடிந்தது.

ஒன்று.
நுரையீரல் என்றால் யோசிக்காமல் எஸ் என்று எழுதியிருப்பேன்.
மூளை என்றால் அரைக்குமேல் நம்பக்கூடாது.
அதே கிருமி, அதே மருந்து, அதே எண்.
வீடு வேறு.
அந்த வீட்டு வாசலில் மருந்தையும் மறித்துக்
கொஞ்சமாகத்தான் உள்ளே விடுகிறார்கள்.

டொக்டர் இந்துனில் இரண்டு செக்கன் பேசவில்லை.
"வன்கோமைசினும் போடுவம்" என்றார்,
தான் பழகிய தமிழில்.

மத்தியானம் புருசன் வந்தார், யன்னலடியில்,
வோட்டில் காட்டச் சொன்னார்களாம்,
என்னிடம் காட்டினார்.
ஷொப்பிங் பேக் நிறைய வெட்டிய மாத்திரை அட்டைகள்.
மூன்று போட்டது. இரண்டு போட்டது. நாலு.
"காது நோ நிண்டா நிப்பாட்டிப்போடுவா.
உப்பளத்தில நாட்கூலி, மிஸ்.
முழுக்க வாங்கினா ரெண்டு நாள் சம்பளம்."
குற்றம்போல் சொல்லவில்லை, கணக்குப்போல் சொன்னார்.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
என் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில்
மகனின் மருந்துப் போத்தல்,
மூன்று நாள் மிச்சம்,
அடுத்த காய்ச்சலுக்கென்று நானே வைத்தது.
றிப்போட் வோட்டுக்குப் போய்விட்டது என்றேன்.

பதினோராம் நாள் ஜவாத் நானா சொன்னார்:
"அந்த நிலாவெளி மனிசி எழும்பி இருக்குது.
காய்ச்சல் இல்ல. கஞ்சி குடிச்சது.
யன்னலப் பாத்துப் பாத்து
கடல் ஏன் சத்தம் போடாமக் கிடக்குது எண்டு கேக்குதாம்.
நேர்ஸ் சொன்ன பதிலும் அதுக்குக் கேக்கேல்ல."

எங்கள் படிவத்தில் மூன்று எழுத்துகள்தான் உண்டு.
எஸ், ஐ, ஆர்.
அவளுடைய தாளை மறுபடி எடுத்தேன்,
பார்த்தேன், கோப்பில் வைத்தேன்.

அவர் கையில் இன்னொரு குப்பி இருந்தது,
பொத்தியபடி, சூடு ஆறாமல்.
தீப்பெட்டியைத் தேடினேன்.