வலப்பக்கம் அவனுடையது

விவாகரத்துத் தாள் வந்து பதினோரு மாதம்.
திபிலிசியில் எங்கள் கைக்கு எட்டும் வாடகையில்
இன்னொரு வீடு இருவருக்குமே அகப்படவில்லை.
ஆகவே ஏழாவது மாடி,
ஒரே சமையலறை,
நான்கு பர்னர்.
இடப்பக்கம் இரண்டும் எனக்கு.
வலப்பக்கம் நோதாருக்கு.

கோடு ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை.
துணிக்குத்தான் அது தெரியும்.
சோடா உப்பைக் குழைத்துத் தேய்த்துக்கொண்டே போவேன்,
நடுவில் வந்ததும் கை தானாக நிற்கும்.
இந்தப் புறம் முட்டையோட்டு வெண்மை.
அந்தப் புறம்
பொங்கி வழிந்த காபி,
அதன் மேல் போன வாரத்து எண்ணெய்,
அதன் மேல் மறுபடி காபி.

எதிர்வீட்டு ஸியூரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"நீ ஜெயித்துவிட்டாய்" என்றாள்.
அண்டா கடன் வாங்க வந்தவள்
வேறென்ன சொல்வாள்.

ஆகஸ்டில் புளிப்புப் பிளம் வந்தது.
ஆறு கிலோ. பூண்டு, கொத்தமல்லி விதை, வற்றல்.
கொதி வந்துவிட்டால் அந்த சாஸ்
துப்ப ஆரம்பிக்கும்.
மூடியைத் தேடி நான் திரும்பிய நேரத்தில்
எல்லை தாண்டித் துப்பியிருந்தது.
எண்ணினேன்: ஒன்பது பொட்டு.
அவன் பக்கம், என் பிளம்.

துடைத்தால் அவனுக்கு வேலைக்காரி.
விட்டால் அவனுக்குக் கடன்காரி.
பிழிந்த துணியையே பிழிந்துகொண்டு நின்றேன்.
பிறகு பொட்டுகளை மட்டும் துடைத்தேன்,
ஒரு விரலில் துணி சுற்றி,
ஒவ்வொன்றாக.

அதுதான் தப்பாகிவிட்டது.
பிளம்மின் புளிப்பு
அடியில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு வந்தது.
அவனுடைய பழுப்பின் நடுவே
இப்போது ஒன்பது வெள்ளை வட்டம்.
அழுக்கு முழுசாக இருந்தவரை
யார் கண்ணையும் குத்தவில்லை.

இரவு வந்தான். லாரி டிப்போ வாடை.
பார்த்தான்.
"என் அழுக்கை ஏன் தொட்டாய்?"
மின்கட்டணப் பேச்சைக் கழித்தால்
பதினோரு மாதத்தில்
அவன் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம்.
என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில்.
கதவைச் சாத்திக்கொண்டு படுத்த பிறகு வந்தது.

காலையில் வலப்பக்கம் அப்படியே இருந்தது,
ஒன்பது கண்ணையும் விழித்துக்கொண்டு.
தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.
என் பின் பர்னர் எத்தனையோ நாளாக
மஞ்சளாகத்தான் எரியும்,
கெட்டிலின் அடியைக் கரியாக்கும்.
நான் கெட்டிலைத் தேய்ப்பேன்.
இன்று குப்பென்று நீலம்.
சுற்றிலும் ஒரே உயரத்தில்,
ஒரு பல்லும் விழாத நீலம்.

அணைத்து, ஆறவிட்டு,
வளையத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
துளை துளையாகக் குத்தி எடுத்திருக்கிறது.
இவ்வளவு தேய்த்தவள்
ஒரு நாளும் தூக்கிப் பார்க்காத இடம்.

மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.
பழிக்குப் பழியாகவும் இருக்கலாம்,
அவனை எனக்குத் தெரியும்.

தையல் பெட்டியில்
கம்பளி தைக்கும் பெரிய ஊசியைக் காணோம்.
கேட்க வேண்டும்.