வரி கட்டிய பாதி

முப்பத்தைந்து ஆகாதவர்
முதல் வீடு வாங்கினால் பத்திர வரி கிடையாது.
தெவென்டரில் வாடகைக்கு இருக்கும் எவரைக் கேட்டாலும்
தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.
எனக்கு ஏப்ரல் பதினான்கில் முப்பத்தைந்து.
யோரித்துக்கு முப்பத்திரண்டு.
அவனுக்கு எல்லாவற்றுக்கும் இன்னும் நாள் இருக்கிறது.

பதினோரு வீடுகளைத் தோற்றோம்,
ஒன்றை வெறும் ஐந்நூறு யூரோவில்.
பன்னிரண்டாவது படிந்தது:
ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி,
செங்கல், ஒழுகும் கூரைத்தகரம்,
ஏணி என்றே சொல்லிவிடலாம், அப்படியொரு மாடிப்படி.
விலை மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
விற்பவள் மார்லூஸ். கணவன் முன்பே போய்விட்டான்,
கையெழுத்துக்கு மட்டும் வருவான்.

சாவி பதினேழாம் தேதி, என்றாள்.
பதினொன்று வெள்ளிக்கிழமை, அன்றைக்கு முடியுமா?
முடியாது.
என் காரணத்தைச் சொன்னேன், எண்களோடு சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டாள்.
பதினேழு, என்றாள் மறுபடியும்.

அரசாங்கமும் நாள் பார்க்கிறது.
பத்திரத்தில் மை விழும் நாளில் உனக்கு என்ன வயது,
அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.
எத்தனை ஆண்டுகள் சேர்த்தாய் என்று கேட்காது.

வீட்டில் என் பாதி ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.
அதில் இரண்டு சதவீதம்,
மூவாயிரத்து எண்ணூறு.
நான் பல் சுத்தம் செய்கிறவள்.
ஒரு வாய்க்கு அரை மணி நேரம்,
கைக்கு வருவது பன்னிரண்டு யூரோ.
முந்நூற்றுப் பதினாறு வாய்கள் வரை வந்ததும்
காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

பதினான்காம் தேதி நாற்காலிகள் வட்டமாகப் போட்டு
எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள்,
யோரித்துக்கும், அவன் அம்மாவுக்கும்,
இங்கே வழக்கம் அப்படி.
முப்பத்தைந்து எப்படி இருக்கிறது, என்றார் ஒருவர்.
இரண்டு சதவீதம், என்றேன்.
கேக் நன்றாக இருந்தது.

பதினேழு காலை, கையெழுத்துக்கு முன்
வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். காலி.
கூடத்துச் சுவரெங்கும் செலோடேப் பிய்த்த தடம்,
வண்ணம் உரிந்திருந்தது.
கடைசி நேரத்தில் இதுவுமா, என்று யோரித் முணுமுணுத்தான்.
நோட்டரி தண்ணீர் குடிக்காமல் படித்து முடித்தார்.
ஒருவருக்கு விலக்கு, ஒருவருக்கு இல்லை.
மார்லூஸ் சாவியை மேசையில் வைத்தாள், என்னிடம் தரவில்லை.

இரவு பெட்டிகள் மேல் உட்கார்ந்து
வீட்டைப் பங்கு பிரித்தோம்.
வரி கட்டிய பாதி எது?
ஒழுகும் பக்கம் உனக்கு, என்றான்.
தெற்கு ஜன்னலையும் சமையலறையையும்
கீழ்க் கழிவறையையும் நான் எடுத்துக்கொண்டேன்.

கழிவறைக் கதவின் உட்புறம்
பிறந்தநாள் காலண்டர் தொங்கியது.
எடுத்துப் போக மறந்திருக்கிறாள்.
கிழமை இல்லாத, ஆண்டு இல்லாத காலண்டர்,
எந்த வருடத்துக்கும் செல்லும்.
உட்கார்ந்தபடியே ஏப்ரலைப் புரட்டினேன்.
பதினான்கு காலி.
பதினாறில் பச்சை ஸ்கெட்ச் பேனா,
மேலே ஏறிப்போகும் எழுத்தில் டைமன்,
பக்கத்தில் கேக் மாதிரி ஒன்று.
அதன் அடியில் பென்சிலில், வேறு கையெழுத்தில்:
இங்கேதான்.

செலோடேப் தடம் நினைவுக்கு வந்தது.

உள்ளே இவ்வளவு நேரம் என்ன செய்கிறாய்,
யோரித் கதவைத் தட்டினான்.
என் பாதியில்தான் இருக்கிறேன், என்றேன்,
போ.