அரை மீட்டர் சதுரம்

மெர்செட் கல்லூரியில் நான் முடித்த
அறுபத்திரண்டு அலகுகளில்
ஐம்பத்து நான்குதான் ஒரிகன் வந்து சேர்ந்தன.
மீதி எட்டும் எங்கே என்று கேட்டேன்.
பதிவாளர் அலுவலகப் பெண்
திரையைப் பார்த்தபடி சொன்னாள்:
"இங்கே அதற்கு நிகரான பாடம் இல்லை."

மூன்றாம் ஆண்டு உயிரியல்.
ஆய்வக மேசைகளில் எல்லோரும் ஏற்கெனவே இருவர் இருவராய்,
முதலாண்டிலேயே ஒன்றாய்ப் பன்றிக்கருவை அறுத்தவர்கள்.
"அந்த மரபியல் தேர்வு" என்று ஒருவன் தொடங்கினாலே
மேசை முழுக்கச் சிரிக்கும்.
நானும் சிரித்தேன், அரை நொடி பிந்தி.
மதியச் சோற்றைக் காருக்குள் தின்றேன்
செப்டம்பர் முழுதும், அக்டோபரில் பாதியும்.

நவம்பரில் அந்தக் கடல் இரவில்தான் நன்றாய் வற்றும்.
கட்டாயக் களப்பணி. ஏழு பேர், நெற்றியில் விளக்கு.
என் பூட்ஸ் கடன் வாங்கியது, இரண்டு எண் பெரியது.
பாசிப் பாறையில் முதல் அடியிலேயே
உட்கார்ந்தேன். இல்லை, விழுந்தேன்.
"இடுப்பு வரைக்குமா?" என்றான் கெல்டன்.
"கழுத்து வரைக்கும்."
"அப்படியென்றால் நீ எழுது, நாங்கள் எண்ணுகிறோம்.
நனைந்தவர்தான் எழுத வேண்டும், இங்கே அது சட்டம்."
அப்படியொரு சட்டமே இல்லையென்று
பிறகு தெரிந்தது.

பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரம்.
உள்ளே இருப்பது கணக்கு, வெளியே இருப்பது கடல்.
கோட்டின் மேல் கிடப்பதை என்ன செய்ய?
ப்ரியெல் திரும்பியதில் அவள் விளக்கு என் கண்ணில் அடித்தது.
"மேல்கோடும் இடக்கோடும் என்றால் உள்ளே.
மற்ற இரண்டும் என்றால் விட்டுவிடு.
எங்கேயாவது முடிவு செய்யத்தானே வேண்டும்."

கொட்டலசு நானூற்றுப் பன்னிரண்டு.
லிம்பெட் முப்பத்தொன்று.
நட்சத்திர மீன்: நாலு கை முழுசாய்,
ஐந்தாவது சுண்டுவிரல் நகமளவு, முளைத்துக்கொண்டு.
"இதை எத்தனை என்று எழுத?"
"ஒன்றுதான்."

கொட்டலசுக் குஞ்சு நீந்தித் திரியுமாம்,
பாறை பாறையாய்த் தடவிப் பார்க்குமாம்.
தன் இனம் இருந்த தடம் தட்டுப்பட்டால்
தலையை அங்கேயே ஒட்டிக்கொண்டு
மீதி ஆயுளுக்கும் காலால் உதைத்துச் சாப்பிடும்.
இதை உன்மேல் பொருத்திப் பார்க்காதே
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
எனக்குத் தலை வேண்டும்.

வேனில் ஹீட்டர், ஈரக் காலுறை நாற்றம்.
என் பசைச்சோற்று டப்பாவைத் திறந்தேன்.
அம்மா அரைத்தனுப்பிய மிளகாய்த் துவையலில்
கெல்டனுக்கு ஏழு தும்மல்; அதையும் யாரோ எண்ணினார்கள்.
பின்னிருக்கையிலிருந்து "அந்த மரபியல் தேர்வு" என்றது ஒரு குரல்.
ப்ரியெல் என் பக்கம் சாய்ந்தாள்:
"அது என்னவென்று எனக்கும் தெரியாது.
போன வருஷம்தான் மாறி வந்தேன். பதினோரு அலகு போச்சு."

தாளின் அடியில் 'எழுதியவர்' என்றொரு கட்டம் காலியாக இருந்தது.
பா நியா என்று எழுதினேன்.
கெல்டன் உரக்கப் படித்தான், தப்பாக.
திருத்தினேன்.
மறுபடி படித்தான்,
கொஞ்சம் குறைவான தப்போடு.
"நாளை வற்றம் முக்கால் மணி பிந்தி," என்றான்.
"சோறு கொஞ்சம் கூடுதலாய்."